பட்டம் (விதைப்புப் பருவம்) மாற்றித் தக்காளி வைக்கச் சிறு விவசாயிகளைப் பழக்குவது எப்படி?

மலையடிவாரம் (கேள்வி)

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில், அய்யலூருக்கு அருகில் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1 முதல் 3 ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய தக்காளி பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சந்தைக்கு வரும்போது சுற்றியுள்ள எல்லா ஊர்க் காயும் சேர்ந்து வருவதால், பல ஆண்டுகளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் காயைச் செடியோடு விட்டு மாட்டை அவிழ்த்து விடுகிறார்கள். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரையிலும், பிறகு நவம்பர், டிசம்பரிலும் விலை ஏறுகிறது. அப்போது இவர்களிடம் காய் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு வெளியிலிருந்து வந்த ஒரு குழு எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தது. திருமண மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் நிழல்வலைக் குடிலின் படங்களைக் காட்டி, மதியச் சாப்பாடும் ஒரு பையும் கொடுத்து அனுப்பினார்கள். வந்திருந்த 40 பேரில் மூன்று பேர்தான் கோடையில் நட்டுப் பார்த்தார்கள். இருவருக்குப் பூ முழுவதும் கொட்டிவிட்டது. மூன்றாமவருக்குக் கிணறு வற்றிவிட்டது. இப்போது பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் சிரிக்கிறார்கள்.

வரும் கோடைக்கு 30 பேரைச் சேர்த்து மறுபடியும் தொடங்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எதை முதலில் சொல்லிக் கொடுப்பது, எத்தனை நாள் சொல்லிக் கொடுப்பது, யாரை அழைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும். இன்னொரு கேள்வியும் என்னை உறுத்துகிறது. கையிருப்பே இல்லாத ஒருவரைப் பட்டம் தப்பிய சாகுபடிக்குத் தூண்டுவது முறைதானா?

கிணற்றுமேடு (தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முழு நிலத்தையும் பட்டம் மாற்றச் சொல்வது முறையல்ல. 10 சென்ட்டில் செய்து பாருங்கள் என்று சொல்வது முறைதான். 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் 10 சென்ட்டுக்கு ஏறக்குறைய 1,500 செடிகள் வரும். 98 குழி கொண்ட குழித்தட்டு 16 இருந்தால் நாற்றுக்குப் போதும். கோடையில் செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,250 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆகவே 30 பேரைத் தேர்ந்தெடுக்கும் முன்பு ஒவ்வொருவர் கிணற்றடிக்கும் போய், சென்ற மே மாதம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் திருப்தியாக இல்லாதவரை மழைக்காலக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். கோடைக் குழுவில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. சென்ற ஆண்டு அந்த மூன்றாமவரின் இழப்பைத் தடுக்க இந்த ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும்.

அடுத்து, பூ கொட்டியதைப் பற்றி. பயிற்சியின் முதல் வகுப்பே நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கி எண்ணுவதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நாற்றங்காலில் 25 நாள், நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள், நட்டு ஒரு மாதத்தில் பூ. ஜூன் முதல் வாரத்தில் பறிக்க ஆசைப்பட்டு மார்ச் கடைசியில் நட்டால், பூ ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் முழுவதும் வரும். அதாவது சரியாகக் கத்திரி வெயிலில் வரும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ காம்போடு உதிர்ந்துவிடும். மண்டபத்தில் காட்டிய நிழல்வலை பகல் வெயிலைத் தணிக்குமே தவிர, இரவைக் குளிர்விக்காது. இதைச் சொல்லாமல் வலையை மட்டும் காட்டியதுதான் அந்த இருவருக்கும் நேர்ந்த கேடு என்று நினைக்கிறேன்.

கோடையில் சென்னைக்குத் தக்காளி அனுப்பும் மதனப்பள்ளி ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்திலும், கோலார் 800 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பதால், அங்கே கோடையில் காய் பிடிப்பதில் வியப்பில்லை. அதைப் பார்த்து நம் சமவெளியில் அதே நாளில் நடுவது வீண்.

நான் பணியில் இருந்தபோது கண்ட வழி வேறு. கத்திரி வெயிலில் செடியைப் பூக்க வைப்பதற்குப் பதிலாக, அந்த வெயிலில் அதை நாற்றாக வைத்திருங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரம் குழித்தட்டில் விதைத்து, மே நடுவில் நட்டால், ஜூன் நடுவில் பூ வரும்போது தென்மேற்குக் காற்றும் மேகமும் வந்து வெப்பம் இறங்கியிருக்கும். ஜூலை கடைசியில் முதல் பறிப்புக்கு வந்துவிடும். விலை ஏறும் காலத்தின் முன்பகுதியை விட்டுவிடுகிறோம், பின்பகுதி கைக்கு வருகிறது. நிழல் வேண்டியிருப்பது 16 தட்டு வைக்கும் சிறு இடத்துக்கும், நட்ட முதல் இரண்டு வாரங்களுக்கும் மட்டும் என்பதால் செலவும் குறைகிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். குச்சி ஊன்றிக் கட்டாத செடி ஆனி மாதத்தில் நிற்காது.

நாற்றங்கால் விஷயத்தில் கண்டிப்புக் காட்ட வேண்டும். கோடையில் வெள்ளை ஈ அதிகம். இலைச்சுருள் நச்சுயிரியை அதுதான் கொண்டுவருகிறது. நெருக்கமான கண்ணுள்ள பூச்சிவலைக்குள் நாற்று வளர்ந்தால், செடி மிகவும் இளமையாக இருக்கும் அந்த 25 நாட்களாவது தப்பிக்கும். இளம் செடியில் நச்சுயிரி ஏறினால் காயே இல்லை. காய்த்த பிறகு ஏறினால் பாதியாவது தேறும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்படி உருவாக்கப்பட்டவை. நோயைத் தாங்கும் ரகம் வெயிலையும் தாங்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் விற்கிறார்கள்.

வெயிலில் நிலப்போர்வை (பாத்திமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள்) விரிக்கும்போது வெள்ளிப் பக்கம் மேலே இருக்கட்டும். கறுப்புப் பக்கத்தை மேலே விரித்து நாற்றின் கழுத்தைச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டக்காரி (ஒட்டன்சத்திரம் வட்டாரம்)

தம்பி, ஐயா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் தக்காளியிலிருந்து தொடங்க வேண்டுமா என்று யோசியுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட ஊரில், மூன்று மாதம் கழித்துப் பலன் தெரியும் பயிரைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் தொடங்கியது கொத்தமல்லித்தழையில். சித்திரை, வைகாசியில் வெயிலில் கொத்தமல்லி சரியாக முளைக்காது, முளைத்தாலும் சீக்கிரம் பூவெடுத்துவிடும் என்பதால், சந்தையில் கட்டுக்கு நல்ல விலை கிடைக்கிறது. 5 சென்ட்டில் மூங்கில் நட்டு, 50 விழுக்காட்டு நிழல்வலையை ஆள் நுழையும் உயரத்தில் கட்டினேன். விதையை உடைத்து இரண்டாக்கி, ஓர் இரவு ஊறவைத்து, சாக்கில் கட்டி வைத்து, பிறகு விதைத்தேன். 40 நாளில் பிடுங்கி விற்றுவிடலாம். மூங்கிலும் கயிறும் என் தோட்டத்திலேயே இருந்தன. வலைக்கு மட்டுமே காசு போட்டேன். அந்த முதல் சித்திரையில் வந்த பணம் பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலைக்குக் கீழே செடி எப்படி நடந்துகொள்கிறது, மேகம் மூடிய நாளில் வலையைச் சுருட்டாவிட்டால் தண்டு எப்படி நீண்டு துவள்கிறது, காற்றில் வலை எங்கே கிழிகிறது என்பதையெல்லாம் அந்த 40 நாளில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு தக்காளிக்குப் போனபோது பயமில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு நீங்கள் யாரை அழைக்கிறீர்கள்? சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் அழைக்கிறார்கள். எங்கள் ஊரில் குழித்தட்டில் விதை போடுவதும், தண்ணீர் தெளிப்பதும், பக்கக் கிளை கிள்ளுவதும், செடியைக் கட்டுவதும், நோய் விழுந்த இலையை முதலில் பார்ப்பதும் பெண்கள். மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவர், வீட்டில் வந்து 'வலை கட்டணுமாம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார். வீட்டுக்கு இரண்டு பேரை அழையுங்கள். நேரத்தையும் பாருங்கள்: காலைப் பால் கறவைக்குப் பிறகு, நூறு நாள் வேலை இல்லாத கிழமையில், பள்ளி விடும் நேரத்துக்கு முன்பாக முடித்துவிட வேண்டும். காலை 10 மணிக்கு மாவட்டத் தலைநகரில் வைத்தால் நான் வர மாட்டேன்.

வலைக்குள் தக்காளி வைப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆனால் பூ அசைய வேண்டும். வெளியில் காற்று அசைத்துவிடும். நாலு பக்கமும் வலை கட்டியிருந்தால் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் கட்டுக் கயிற்றைத் தட்டிவிட்டபடி ஒரு நடை நடந்து வாருங்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது யாருமில்லை, வலைக்குள் ஓரத்துச் செடியில் மட்டும் காய் நிறைந்திருப்பதைப் பார்த்து நானே யோசித்துச் செய்தேன். பிறகுதான் இது புத்தகத்திலும் இருக்கிறது என்று தெரிந்தது.

மண்டிக் கணக்கு

சாகுபடியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. 20 ஆண்டுகளாகக் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு செய்தி. நீங்கள் 30 பேருக்கும் ஒரே நாளில் விதைக்கச் சொன்னால், பருவம் தப்பிய காலத்தில் நீங்களே ஒரு பருவத்தை உண்டாக்கிவிடுவீர்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய நினைவு எல்லோருக்கும் இருக்கும். ஆகஸ்டில் நேபாளத்திலிருந்துகூட இறக்குமதி செய்தார்கள். அந்த விலையைப் பார்த்துவிட்டு நாடெங்கும் நட்டவர்களின் காய் வெட்டுக்கு வந்தபோது, செப்டம்பரில் விலை தலைகீழாக விழுந்தது. சென்ற ஆண்டு விலை பேசுவதைக் கேட்டு இந்த ஆண்டு நடுபவர் எப்போதும் கடைசி வண்டியில்தான் ஏறுகிறார். ஆகவே உங்கள் ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து, 15 நாள் இடைவெளியில் விதைக்கச் சொல்லுங்கள். யார் எந்தத் தவணை என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தால் மனத்தாங்கல் வராது. விலை ஏறிய தவணைக்காரர் ஒரு பங்கைப் பொதுவில் வைப்பதென்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. ஆனால் இதை எந்த ஊரிலும் கடைசிவரை கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டன்சத்திரத்தில் இறங்கும் காயில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் அங்கிருந்து வரும் வியாபாரிகள் கெட்டியான காயைத்தான் கேட்பார்கள். தோல் மெல்லிய நாட்டுக் காய் ருசியாக இருக்கலாம், 14 கிலோ பெட்டியில் அடுக்கி மலை இறங்குவதற்குள் கசிந்துவிடும். ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் வகுப்புக்கு வியாபாரி ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள்.

மலையடிவாரம்

மூவருக்கும் நன்றி. கிணற்றடிக் கேள்வியை இன்று காலையே தொடங்கிவிட்டேன். முதலில் பார்த்த 11 பேரில் 4 பேர் மே மாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இறைக்க முடியாது என்றார்கள். அவர்களை மழைக்காலக் குழுவில் சேர்க்க வேண்டும் என்றால், அந்தப் பயிற்சியை எப்படி அமைப்பது? நவம்பர் கடைசியில் பறிக்க, ஆகஸ்ட் நடுவில் விதைத்து செப்டம்பரில் நட வேண்டியிருக்கும். பூவும் பிஞ்சும் வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளுமே?

மேட்டுப்பாத்தி (பண்ணைப் பள்ளிகளில் பயிற்றுநர்)

பிடித்துக்கொள்ளும். மழைக்காலத் தக்காளியில் சிக்கல் வெப்பமன்று. வேரில் நிற்கும் தண்ணீரும் இலையில் நிற்கும் ஈரமும்தான். ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி, வடிகால் வாய்க்காலின் சரிவு, மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்காமல் தடுக்கும் நிலப்போர்வை, கீழ் இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுப்பது ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்தாலே நோய் பெருமளவு அடங்கும். இதற்கு மேல் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு மழைமறைப்பு இருக்கிறது. மேலே மட்டும் 200 மைக்ரான் புறஊதாத் தடுப்புப் பாலித்தீன் போர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிடும் அந்தக் கொட்டகை கேரளத்தில் சிறு விவசாயிகளிடம் பரவலாக இருக்கிறது. மண்டிக்காரர் குறிப்பிட்ட நேபாளத்திலும், நடுமலைப் பகுதிச் சிறு விவசாயிகள் மூங்கில் சட்டத்தில் பாலித்தீன் போர்த்தித்தான் மழைக்காலத் தக்காளியை எடுக்கிறார்கள்.

வாடல் நோயோ வேர்முடிச்சு நூற்புழுவோ இருக்கும் நிலமானால் ஒட்டு நாற்றைப் பற்றி, அதாவது ஒரு செடியின் வேர்ப்பகுதியில் இன்னொரு செடியின் தண்டை ஒட்டி வளர்த்த நாற்றைப் பற்றிச் சொல்லுங்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், வாடலையும் நீர் தேங்குவதையும் தாங்கும் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டும் முறையைப் பரப்பியது. வியட்நாமின் லாம் டோங் மாகாணத்தில் ஒட்டுத் தக்காளி வேரூன்றிவிட்டது. நம்மிடம் கத்தரியைச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுகிறார்கள். ஒட்டும் வேலையை விவசாயிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, ஒட்டு நாற்றை எப்படி நடுவது என்பதைக் கற்றுக்கொடுத்தால் போதும். ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் போய்விட்டால் மேற்செடி சொந்தமாக வேர் விட்டு, கொடுத்த காசு வீணாகிவிடும். ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் இந்திய–இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குழுவை ஒருமுறை அழைத்துப் போய் நாற்றுக் கூடத்தைக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: எத்தனை நாள்? ஒரு பயிர் எத்தனை வாரமோ அத்தனை நாள். 1989ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் நெல் வயல்களில் ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்பு தொடங்கி வைத்த பண்ணைப் பள்ளி முறை இதுதான். 25 பேர் அளவில், வாரத்தில் ஒரு நாள், அதே வயலில், விதைப்பு முதல் அறுவடை வரை கூடுவார்கள். வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான முறையையும் மறுபாதியில் புது முறையையும் செய்வார்கள். ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்கள் வயலில் இறங்கி, சில செடிகளைப் பார்த்து, பூச்சி, நன்மை செய்யும் பூச்சி, பூ, பிஞ்சு, மண் ஈரம் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் படமாக வரைந்து, அந்த வாரம் என்ன செய்வது என்று தாங்களே வாதிட்டு முடிவெடுப்பார்கள். பயிற்றுநர் பதில் சொல்லக் கூடாது. 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று திருப்பிக் கேட்க வேண்டும். எனக்கு இது பழக இரண்டு ஆண்டு ஆயிற்று. வாய் மூடி நிற்பது படித்தவனுக்கு மிகவும் கடினமான வேலை.

தக்காளிக்கு நாற்றங்காலையும் சேர்த்து 16 முதல் 18 வாரம் ஆகும். ஊசிப்புழு ஊருக்குள் வந்துவிட்ட பிறகு இந்த வாராந்தரப் பார்வை இன்னும் தேவையாகிவிட்டது. 2014இல் மகாராஷ்டிரத்தில் காணப்பட்டு அடுத்த ஆண்டே தமிழகத்துக்கும் வந்த பூச்சி அது. இலைக்குள் சுரங்கம் போட்டு, காம்பருகில் குண்டூசித் துளையிட்டுக் காய்க்குள் போய்விடும். இனக்கவர்ச்சிப் பொறியில் (பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் பொறி) எத்தனை விழுந்தன என்று வாரந்தோறும் எண்ணுகிறவர் மருந்தடிக்கும் நாளைத் தானே தீர்மானிப்பார். எண்ணாதவர் கடைக்காரர் சொன்ன நாளில் அடிப்பார்.

மலையடிவாரம்

தெளிவாகிவிட்டது. மண்டபத்தைக் கைவிட்டு, கிணறு நம்பகமான ஓர் உறுப்பினரின் 10 சென்ட்டையே பள்ளியாக வைத்துக்கொள்கிறோம். செவ்வாய்தோறும் காலை 10.30 மணி முதல் பகல் 1 மணி வரை, வீட்டுக்கு இருவர். பங்குனியில் 5 சென்ட் கொத்தமல்லி. அது முடியும் முன்பே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று தவணையாகத் தக்காளி நாற்று. தண்ணீர் குறைந்தவர்களுக்கு ஆகஸ்டில் மேட்டுப்பாத்தி. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் இருப்பதால், சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தை மாதத்துக்குள் திரட்டச் சொல்லியிருக்கிறேன். குத்தகைக்கு உழும் ஐந்து பேருக்கு அந்தக் காகிதங்கள் இல்லை, நிலத்துக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. கொத்தமல்லிக்கு வாங்கும் 50 விழுக்காட்டு வலையையே மே மாதத்தில் தக்காளிக்கும் மாற்றிக் கட்டலாமா? இரண்டு வலை வாங்கப் பணமில்லை.

தோட்டக்காரி

நட்ட முதல் 15 நாளுக்குக் கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். 50 விழுக்காடு தக்காளிக்கு இருட்டு. 35 விழுக்காட்டு வலைதான் பொருத்தம். 50 விழுக்காட்டு வலை ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், நாள் முழுவதும் மூடி வைக்காமல் காலை 11 மணிக்கு இழுத்துவிட்டு 4 மணிக்குச் சுருட்டிவிடுங்கள். ஓரத்தில் வளையம் கோத்துக் கம்பியில் திரைச்சீலை போல மாட்டினால் ஒரு ஆளே இழுத்துவிடலாம். பங்குனியில் கொத்தமல்லிக்குக் கட்டும்போதே அப்படி மாட்டிவிடுங்கள்; ஆணியடித்து இறுக்கிவிட்டால் பிறகு பிரிக்கும்போது கிழியும்.